மீன் டாச்சிங்கில் நிறுத்த குழந்தை

வாரத்தில் நான்கு நாள் எனக்குத் தோட்டத் தொழிலாளர் லயங்கள், புதன்கிழமை மட்டும் கடற்கரை. அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டேன் என்று மேலதிகாரியிடம் சொன்னதில்லை.

மலாய் நாட்டில் ரப்பர் விலை விழுந்திருந்த வருடங்கள் அவை. மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி முடித்து, பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். செர்காம் ஊர் வரை பஸ் உண்டு. அதற்கு அப்பால் மணலில் நடை, ஆற்று வாய் வந்தால் சம்பான் படகு. வழியெல்லாம் தட்டிகளில் கருவாடு காய்ந்தது. அலை ஏறினால் மரக்கால்களில் நின்ற வீடுகளுக்கு அடியில் தண்ணீர் வந்து போகும், மேலே சமையல் நடந்துகொண்டே இருக்கும்.

என் பைக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: கத்தரி, நூல், சோப்பு, பிரிக்காத ஒரு பவுண்டு பஞ்சு, எடை குறிக்கும் அட்டைகள், சுருள்வில் தராசு. எதையும் மறக்காமல் கிளம்பிய ஒரு புதன்கிழமை, சம்பானிலிருந்து இறங்கும்போது பாசிக் கல்லில் வழுக்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பைதான் கல்லில் மோதியது. தராசை எடுத்துப் பார்த்தால், எதுவும் தொங்காமலே முள் ஒன்பது பவுண்டில் நின்றது.

அன்று அது இல்லாமல் சமாளிக்க முடியாது. கரையின் கடைசி வீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது இங்கே வந்து, கணவர் மீன் உப்பிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இரண்டு குழந்தைகளை இழந்தவர்கள். இரண்டாவது, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்றாவது இந்தப் பெண் குழந்தை. பிறந்து மூன்று வாரமாகியும் எடை ஏறாமல் இருந்தாள். போன வாரம் ஐந்தே கால் பவுண்டு. இந்த வாரம் கால் பவுண்டாவது ஏறாவிட்டால் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஏழு நாளாக அந்தத் தாய் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கையில தூக்கிப் பாத்தே சொல்லிடுங்களேன் மிஸ்ஸி," என்றாள்.

கையை நம்பி முடிவு செய்ய எனக்கு மனமில்லை. வீட்டை ஒட்டிய மீன் கொட்டகையில் டாச்சிங் தொங்கியது. கோலில் கல்லை நகர்த்தி மீன் நிறுப்பார்களே, அது. அதைக் கேட்டேன். கணவர் குறுக்கே வந்து நின்றார்.

"அதுல வேணாம் மிஸ்ஸிம்மா."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வைப்பேன்."

"அதுக்கில்ல. அதுல ஏறுன ஒண்ணுகூட வீடு திரும்புனதில்ல. நிறுத்தா வித்த மாதிரிதான்."

  அவர் மனைவி பேசினாள்.

"அப்ப வித்துடுவோம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எங்கம்மாவுக்கு எனக்கு முன்ன ரெண்டு புள்ள தங்கல. அதான் எங்கம்மா என்னைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தவிட்டுக்கு வித்தாங்க. அடுத்த வீட்டுப் புள்ளைன்னு ஆனதும் நான் தங்கிட்டேன்ல? இங்க நம்ம ஆளு யாரு இருக்கா வாங்கிக்கன்னு சும்மா இருந்துட்டேன்."

கொட்டகையின் சொந்தக்காரி மலாய்க்காரம்மா, ஊருக்கே மக்சிக், அதாவது அத்தை. மீன் அறுத்துக்கொண்டிருந்தவளிடம் மனைவியும் மனம் இறங்கிய கணவரும் மாறி மாறி மலாயில் விளக்கினார்கள். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். தவிடு இல்லை என்று ஒரு கிண்ணம் காய்ந்த நெத்திலி கொண்டுவந்தாள்.

தாய் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "என்ன மக்சிக், எம்புள்ளைக்கு இவ்வளவுதானா?"

மக்சிக் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இப்போது இது என் பிள்ளை, என் டாச்சிங். யாரும் வாய் திறக்கக்கூடாது," என்றாள் மக்சிக், மலாயில்.

முதலில் ஒரு பவுண்டு பஞ்சுப் பொட்டலத்தை நிறுத்து, கோல் சரிதானா என்று பார்த்தேன்.

"என் டாச்சிங்கையே சந்தேகப்படுகிறாயா மிஸ்ஸி?"

கோல் சரியாகவே இருந்தது. குழந்தையைச் சாரோங் துணியில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தேன், பிறகு சாரோங்கை மட்டும். கழித்ததும் மீன் நிறுக்கும் கணக்கில் நாலு காட்டி மூன்று தாகில். அதைப் பவுண்டாக்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை கணக்குப் போட்டேன். மூன்று பேரும் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏறியிருக்கு," என்றேன். "கால் பவுண்டுக்கு மேலயே. ஆஸ்பத்திரி வேண்டாம்."

தாய் கைகளை நீட்டினாள். குழந்தையைக் கையில் வைத்திருந்த மக்சிக் தரவில்லை.

"நீ யார்?"

"பால் குடுக்க வந்தவ, மக்சிக்."

"சரி. தினமும் வா."

கவிழ்த்திருந்த மீன் கூடையின் மேல் உட்கார்ந்து தாய் பால் கொடுத்தாள். மக்சிக் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டாள். கணவர் நெத்திலிக் கிண்ணத்தோடு அடுப்பு மூட்டப் போனார். நானும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. சம்பான்காரரைக் காத்திருக்கச் சொன்னேன்.