பொன்சுவின் சொந்தத் தளம்

கானாவில் எங்கள் ஊர் குமாசியில் பொன்சுவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் வலைத்தளத்தின் பெருமையை அவன் வாயால் கேட்காதவர்கள் கிடையாது. சர்வரில் தானே இடம் பிடித்து, தானே மென்பொருளை நிறுவிக் கட்டிய தளமாம். அவன் சித்தி மகன் சார்போங் இலவச பிளாக் ஒன்றில் ஊர்ச் சாவு அறிவிப்புகளைப் போட்டுவந்தான். பொன்சுவுக்கு அது இளக்காரம்.

"ஓசி இடத்துல உக்காந்துக்கிட்டுப் பதிவர்னு சொல்லிக்காதடா. நாளைக்கே அவன் வெளியே போடான்னா என்ன பண்ணுவ?"

"போறேன் அண்ணே. அதுவரைக்கும் ரிப்பேரெல்லாம் அவன் பாத்துக்கறான்ல? நீ எழுதி எத்தனை மாசமாச்சு? தீம் மாத்தவே உனக்குப் பொழுது சரியாப்போகுது."

உண்மைதான். அந்தத் தளத்தில் படிக்க ஒன்றும் இருக்காது, மினுக்கலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

இருவருக்கும் தாய்மாமாவான பெரியவர் இறந்தபோது பொன்சுவுக்குத் துக்கத்தைவிடப் பரபரப்புதான் அதிகம். எங்கள் அசாந்தி வழக்கத்தில் மாமனின் வீடும், குடும்பத்தில் அவர் இடத்தைக் குறிக்கும் நாற்காலியும் அவருடைய அக்கா தங்கை மகன்களில் ஒருவனுக்குப் போகும். பொன்சுவா, சார்போங்கா என்று ஈமச்சடங்கு முடிந்ததும் குடும்பம் சொல்லும். ஈமச்சடங்கு அறிவிப்பு தன் தளத்தில்தான் வர வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். குடும்பத் தலைவர் டார்கோவும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

சிவப்பும் கறுப்பும் உடுத்தி வரச் சொல்லி முதலில் போட்டான். பிறகு பெரியவர்கள் யோசித்து, இத்தனை வயது நிறைவாக வாழ்ந்தவருக்குச் சிவப்பு எதற்கு, வெள்ளையும் கறுப்பும்தான் என்றார்கள். அதையும் மாற்றினான். அதோடு கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெள்ளைப் பூ உதிர்வதுபோல ஒரு தீம் கண்ணில் பட்டது. போட்டான், தளம் படுத்துவிட்டது. பதறிப்போய், நிறத்தை மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்திருந்த பழைய பேக்கப்பை ஏற்றினான். தளம் எழுந்தது. முகப்பைப் பார்த்துப் பூரித்துப்போனானே தவிர, அறிவிப்பு மறுபடி சிவப்புக்குப் போய்விட்டதைப் படிக்கவில்லை. தான் எழுதியதைப் படிக்கும் வழக்கம் அவனுக்கு என்றைக்கு இருந்தது?

சடங்கு நாளான சனிக்கிழமை அக்ராவிலிருந்தும் ஒபுவாசியிலிருந்தும் வந்திறங்கிய சொந்தங்கள் எல்லாரும் சிவப்பில். பந்தலில் பெரியவர்கள் வெள்ளையில். செத்தவருக்கு இரண்டு குடும்பமா என்று ஊர் சிரித்தது. ஓர் அத்தை போனைத் தூக்கி டார்கோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதோ பாருங்க! உங்க பொன்சு போட்டதுதானே?"

"சர்வர்ல சின்னப் பிரச்சினை தாத்தா..." என்றான் பொன்சு.

"அதைப் பாத்துக்கறது யாரு?" என்றார் டார்கோ.

"நான்தான். சொந்தத் தளம்ல." அப்போதும் அவன் குரலில் பெருமை போகவில்லை.

"துணி நெறம் ஒண்ணைப் பாத்துக்க முடியல. வீட்டை நீ பாத்துக்குவியா?"

சடங்கு முடிந்ததும் மாமாவின் நாற்காலியில் சார்போங்கை உட்காரவைத்தார்கள். பொன்சு பந்தல் மூலையில் குந்திக்கொண்டு, போனில் சிவப்பை வெள்ளையாக மாற்றிக்கொண்டிருந்தான்.