பெரட்டில் பெயர் என்றைக்கு விழும்?

இன்று காலை அக்காவுடனும் அவர் மகளுடனும் ஹட்டனிலுள்ள ஒரு தனியார் கல்லூரிக்குச் சென்றேன். கணினி விஞ்ஞானப் பட்டம். வழங்குவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாம்.

நான் சட்டத்தரணி. கல்லூரியின் கையேட்டை இருமுறை வாசித்துப் பதினொரு கேள்விகளை எழுதிச் சென்றிருந்தேன். பாடத்திட்டம், விரிவுரையாளர்களின் தகைமை, ஆய்வுகூடம் என அனைத்துக்கும் கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி அழகாகப் பதிலளித்தார். மருமகள் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடப் பேனாவைத் திறந்துவிட்டாள்.

லிந்துலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா அப்போதுதான் வாய் திறந்தார்.

"சார், அந்த வெளிநாட்டுப் பெரட்டுல இவ பேரு என்னிக்கு விழும்?"

"பெரட்டா?"

"காலையில தோட்டத்துல பேரு போடுறதுங்க. பேரு விழலைன்னா நாள் முழுக்க பறிச்சாலும் வேலைக்கு வராதவதான்."

அதிகாரி கூரையைப் பார்த்தார். "அந்தப் பல்கலைக்கழகத்துல மூணாவது வருஷம்தான் பதிவு பண்ணுவோம்... அவங்க ஏத்துக்கிட்டா."

மருமகள் பேனாவை மூடினாள். "மாமா, ஒங்க பதினொன்னுல இது எத்தனாவதுங்க?"

அது என் பட்டியலிலேயே இல்லை என்பதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளே பெயர் பதியும் கணினி விஞ்ஞானப் பட்டங்களை அறிந்தவர்கள் கீழே எழுதுங்கள். குறுக்கு விசாரணையை அக்கா நடத்துவார்.