இடுப்பில் பிள்ளை இருந்தால்

இடது கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டே வலது கையால் காற்றைக் குத்திக்கொண்டிருந்தாள் மூக்கம்மாள். ஒவ்வொரு குத்துக்கும் "உஸ்" என்று ஒரு சத்தம். அது எதிரியை மிரட்டவா, தூளியில் கிடந்த பிள்ளையைத் தூங்கவைக்கவா என்று எனக்கு விளங்கவில்லை. கட்டைவிரலை முட்டிக்குள் பத்திரமாக மடக்கி வைத்திருந்தாள். மருந்துப் பெட்டியோடு நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல கம்பவுண்டர் சார். கை மரத்துப்போச்சு, ஒதறிக்கிட்டிருக்கேன்."

ஏலப்பாறைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவள் பிள்ளைப்புரை ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் தகரக் கொட்டகைக்குத்தான் இங்கே பிள்ளைப்புரை என்று பேர். மூக்கம்மாளும் கொழுந்தெடுத்தவள்தான். கூடைக் கயிறு தலையை அழுத்தி அழுத்திக் கழுத்து பிடித்துக்கொண்டதால் இங்கே மாற்றிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலை உருண்டை. யாரையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப மாட்டாள், முழு உடம்போடு திரும்புவாள்.

பிள்ளைகளுக்கெல்லாம் உத்தியோகம் கொடுத்து வைத்திருக்கிறாள். ஓயாமல் கத்துகிறவன் பெரிய தொரை. கொடுத்த பிறகும் கையை நீட்டிக்கொண்டே இருப்பவன் கணக்கப்பிள்ளை. இரண்டு வயதுச் செல்லக்கிளி மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் கண்கொட்டாமல் பார்ப்பாள்; அவள் கங்காணி. "தொரை, சத்தம் போடாதீக. கங்காணியம்மா பாத்துக்கிட்டிருக்காக" என்று அவள் மரியாதையாகக் கெஞ்சுவதைக் கேட்டால், நிஜத் துரை பொறாமைப்படுவார்.

காற்றைக் குத்தியது அந்தக் கங்காணிக்காகத்தான். செல்லக்கிளியின் தகப்பன் பெரியமுத்து, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். குடித்துவிட்டு அடித்தான் என்று அவன் பெண்டாட்டி பூமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் எஸ்டேட்டுக்கு வந்துவிட்டாள். மழைக்கு முன்னால் ஒருநாள் அவன் வெள்ளை வேட்டியும் பிஸ்கட் பொட்டலமுமாகப் பிள்ளைப்புரைக்கு வந்து, பிள்ளையைக் கொஞ்சநேரம் தூக்கிப்போகிறேன் என்றான். தகப்பன் கேட்கிறானே என்று மூக்கம்மாள் கொடுத்துவிட்டாள். குமுளி பஸ் ஸ்டாண்டில், சாராயக்கடைக்கு எதிரே, மூட்டைகளுக்கு நடுவே அவன் போட்டுவிட்டுப் போய், குளிரில் தூங்கிக் கிடந்த பிள்ளையை ஒரு லாரி டிரைவர் அடையாளம் கண்டு கொண்டுவந்து சேர்த்தார். நெஞ்சில் சளி கட்டி அந்தப் பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். ஊசி போட்டவன் நான், எனக்குத் தெரியும்.

இப்போது அவன் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். அடுத்த சம்பளத்தன்று வருவானாம், பிள்ளையைத் தூக்குவானாம், எவள் தடுக்கிறாள் என்று பார்ப்பானாம். சம்பள நாள் பிற்பகலில் எஸ்டேட்டே ஆபீஸ் வாசலில்தான் நிற்கும். அது அவனுக்கும் தெரியும்.

மூக்கம்மாள் ஆபீசில் போய்ச் சொன்னாள். புருஷன் பெண்டாட்டி வழக்கில் எஸ்டேட் தலையிடாது, வாட்ச்மேன் ஃபேக்டரிக்குத்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். பிள்ளைப்புரைக்கு இருப்பதோ இடுப்பளவு அரைக்கதவு.

"இந்தக் கையாலதான சார் எடுத்துக் குடுத்தேன்" என்று என்னிடம் இரண்டு கையையும் நீட்டினாள். "இனி குடுக்க மாட்டேன். எங்கயாவது அடிதடி படிச்சுக்கிடுதேன். ஆம்பளைக இருக்க எடம், நீங்க கூட வந்தா வெரட்ட மாட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முந்தானை முடிச்சில் வெற்றிலை பாக்கோடு கிளம்பினாள். ஒரு வாத்தியார் முன்னால் வெற்றிலை வைத்துவிட்டால் பிறகு இன்னொருவரிடம் போகக்கூடாது. அதனால் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்றாள். புடவைக்கடையில்கூட அவள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் சிலம்பம். வாத்தியார் சங்கையா ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற ஆள்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு மதினி கம்பு? எவன்னு சொல்லுங்க, நான் வாரேன்."

"சம்பளத்தன்னைக்கு நீ ஆபீஸ் வாசல்ல நிப்ப. அவன் பிள்ளைப்புரைக்குல்லா வாரான். சரி, ஒண்ணு கேக்கேன். இடுப்புல பிள்ள இருந்தா எப்பிடி அடிக்கது?"

சங்கையா கம்பை ஊன்றி யோசித்தார். "பிள்ளைய எறக்கி வச்சிரணும்."

"எறக்கி வச்சா அதத்தான அவன் தூக்குவான்?"

தூளிகள் தொங்குகிற கொட்டகைக்குள் கம்பு சுற்றினால் முதல் அடி பெரிய தொரைக்குத்தான் விழும் என்று அவளே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அடுத்தது பஜாருக்கு அந்தப் பக்கம் நாணு ஆசானின் களரி. பள்ளமாக வெட்டிய மண்தரை, எண்ணெய் வாசனை. வலது காலை முன்வைத்துத்தான் உள்ளே இறங்கவேண்டும். மூக்கம்மாள் வலது காலைத் தூக்கி, வைக்காமல், அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். ஆசான் நல்ல மனிதர்; பொறுமையாகச் சொன்னார். "ஆத்யம் மெய். பின்னெ வடி, பின்னெ வாள். வெறுங்கை எல்லாத்தினும் ஒடுவில்."

"ஒடுவில்னா எப்ப சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"மொதல்ல உடம்பு, அப்புறம் கம்பு, வாள். வெறுங்கைச் சண்டை எல்லாம் முடிஞ்சு கடைசியில. வருஷக்கணக்காகும்."

"அய்யோ ஆசானே, அவன் இந்தச் சம்பளத்துக்கே வாரேங்கான்!" தூக்கிய காலை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாக இரும்புக்கடை மாடி. எமர்ஜென்சி முடிந்து பம்பாயிலிருந்து திரும்பிய அர்த்தநாரி என்ற இளைஞன் அங்கே கராத்தே சொல்லித்தந்தான். வெள்ளை உடுப்பு, சுவரில் ஜப்பான் எழுத்து. பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஆனாலும் அவள் மடக்கிக் காட்டிய முட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை அவனுக்கு. அவள் கையை வாங்கி, மடக்கியிருந்த கட்டைவிரலை வெளியே இழுத்து, மற்ற விரல்களின் மேலே வைத்தான்.

"உள்ள வச்சு அடிச்சா ஒங்க வெரல்தான் ஒடியும்க்கா."

"பிள்ள இருந்தா?"

"அதெல்லாம் முடியாதுக்கா. ரெண்டு கையும் ஒழிஞ்சிருக்கணும். இல்லன்னா எந்த வித்தையும் நடக்காது."

திரும்பி மேடேறினோம். பாதி மேட்டில் நின்று முடிச்சை அவிழ்த்தாள். மூன்று வாத்தியார்களைப் பார்த்துவிட்டு வாடியிருந்த வெற்றிலையைத் தானே போட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

அந்த வாரம் பிள்ளைப்புரை மூலையில் ஒரு பழைய கொழுந்துக்கூடை வந்து உட்கார்ந்தது. செல்லக்கிளி அதற்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அழுக்குக் கூடையில் பிள்ளையை விடலாமா, சொறி வராதா என்று சத்தம் போட்டேன். "கங்காணியம்மா சவாரி போறாக சார், கெடக்கட்டும்" என்றாள். கழுத்தில் பூச எண்ணெய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சம்பள நாள் வந்தது. மனசு கேட்காமல், பிள்ளைகளுக்குக் குடல்பூச்சி மருந்து கொடுக்கிற சாக்கில் நான் பிற்பகலிலேயே அங்கே போய்விட்டேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் தூளிகளுக்கு நடுவே, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாய் குரைத்தபோதெல்லாம் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம்.

அவன் வந்தான். அதே வெள்ளை வேட்டி, ஆனால் இந்தத் தடவை பிஸ்கட் இல்லை, கண் சிவந்திருந்தது. அரைக்கதவின் மேல் இரண்டு கையையும் ஊன்றினான்.

"பிள்ளைய எடு, பெரியம்மா."

"தூங்குது. போயிட்டு வா."

"எம்பிள்ளைய எடுக்க ஒங்கிட்ட கேக்கணுமா?" கதவை உதைத்தான். கொக்கி தெறித்து என் காலடியில் விழுந்தது. நான் "ஏய், ஏய்" என்றேன்.

மூக்கம்மாள் செல்லக்கிளியைத் தூக்கினாள். கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்துக் கையை நீட்டினான். அவள் பிள்ளையைக் கூடைக்குள் இறக்கி, குனிந்து, கயிற்றைத் தலையில் மாட்டி, ஒரே மூச்சில் நிமிர்ந்தாள். காலமெல்லாம் கொழுந்து சுமந்த கணக்கில் கூடை முதுகில் போய் உட்கார்ந்தது. அதற்குள்ளிருந்து கங்காணி கண்கொட்டாமல் பார்த்தாள். மூக்கம்மாளின் இரண்டு கையும் ஒழிந்திருந்தன.

அவன் வலப்பக்கம் வந்தான். அவள் முழு உடம்போடு திரும்பினாள். இடப்பக்கம் வந்தான், திரும்பினாள். எங்கே போனாலும் அவனுக்கு எதிரே அவள் முகம்தான் இருந்தது. ஒரு தூளி அவன் தோளில் இடித்து உள்ளே பிள்ளை வீறிட்டது; அதைக் கேட்டு மற்றவையெல்லாம் எழுந்து அழுதன. அவன் கெட்ட வார்த்தை சொல்லி அவள் தலைக்கு மேலாகக் கூடை விளிம்பை எட்டிப் பிடித்துக் கீழே அமுக்கினான். கயிறு இழுபட்டு அவள் கழுத்து பின்னால் வளைந்தது. வலியில் அவள் முகம் கோணியதை நான் பார்த்தேன். அப்போதுதான் குத்தினாள். அழகான குத்து ஒன்றுமில்லை. மூன்று வாத்தியார்களும் தங்கள் பாடம் இல்லையென்று சத்தியம் செய்வார்கள். ஆனால் மூக்கில் விழுந்தது.

அவன் கூடையை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தான். கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான், நான் ஏதோ நியாயம் சொல்வேன் என்பதுபோல. பிள்ளைகளின் கூச்சல் கேட்டு ஆபீஸ் வாசலிலிருந்து பெண்கள் ஓடிவரும் சத்தம் எழுந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினான். "மறுக்கா வருவேன்டி" என்று கீழேயிருந்து கத்தினான். வருவான் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மூச்சிரைக்க முதலில் வந்து சேர்ந்தவள் பூமாரி. தெறித்துக் கிடந்த கொக்கியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது; அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

மூக்கம்மாள் அவளைத் தேற்றவில்லை. வீங்கிக்கொண்டிருந்த மணிக்கட்டில் துணி சுற்ற நான் போனேன்; "இருங்க சார்" என்று விலக்கினாள். கூடையைத் தன் தலையிலிருந்து கழற்றி, பிள்ளையோடு அப்படியே பூமாரியின் முதுகில் ஏற்றிக் கயிற்றை மாட்டினாள். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளே நுழைந்துகொண்ட கட்டைவிரலை வெளியே இழுத்து வைத்தாள்.