போர்வை முனையில் ஒரு முடிச்சு

கூலிக்கு அழுதவள் என்று அவளைச் சொல்கிறவர்கள் என் முன்னால் வந்து சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்க வேண்டாம், என் காது இன்னும் செத்துப்போகவில்லை. பெற்ற பிள்ளை போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கேமராவைக் கண்டதும் குடம் குடமாகக் கொட்டினாளாம். எதிர்வீட்டுக்காரி இதைத்தான் தெரு முழுக்க ஒலிபரப்பினாள். அவளுக்கு ரேடியோ என்று சும்மாவா பெயர் வைத்தோம்? அழுதவள் என் மருமகள். இத்தனை வருஷமாக அவளும் நானும் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். எனக்குத் தெரியாததை ரேடியோவா சொல்லப்போகிறாள்?

ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. கட்டடத்துக்கு அடியில், ஜன்னலே இல்லாத பெரிய அறை. மேல்மாடி வார்டுகளில் உருவிய போர்வைகள், சுவருக்குள் போகும் தகரக் குழாய் வழியாகத் தொப்பென்று கீழே வந்து விழும். பிரித்து, உதறி, மெஷினில் போட வேண்டும். நீராவியில் அவள் கை எப்போதும் வெந்த மாதிரிச் சிவந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் எங்கள் படுக்கைகளையும் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுவாள். "இது என்ன வார்டா?" என்று நான் கேலி செய்வேன். "டாக்டர் வர்ற நேரம், எந்திரிங்க அத்தை" என்பாள். அவ்வளவு சிரித்த வாய் அது.

என் பேத்திக்கு நாங்கள் வைத்த பெயர் சுண்டெலி. போர்வை முனையை முடிச்சுப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காய்ச்சல் விடாமல் போய், அதே ஆஸ்பத்திரியில்தான் மேல்மாடியில் கிடந்தாள். வேலை நேரத்தில் மேலே போகக் கூடாது என்று என் மருமகளுக்குச் சட்டம். லாரி ஓட்டும் என் மகன் அப்போது வெளியூரில். ஒரு நாள் மத்தியானம் குழாயிலிருந்து விழுந்த குவியலைப் பிரித்தபோது, ஒரு போர்வையின் முனையில் முடிச்சு இருந்திருக்கிறது.

யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சை அவிழ்த்தாள். போர்வையை மெஷினில் போட்டாள். பிறகுதான் மாடி ஏறினாள். அதற்குள் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பு விரித்துவிட்டார்களாம்.

அன்றைக்கு அவள் அழவில்லை, அடுத்த நாளும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். முடிச்சு விஷயத்தை என்னிடம் மட்டும் ஒரு தடவை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிறகுதான் படம் எடுக்கிறவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கதாநாயகி முன்னால் நின்று அழ வேண்டும், பின்னால் யாராவது காலிக் கட்டிலில் போர்வை உருவ வேண்டும். துணி வெளுக்கிறவர்களில் ஒருத்தி போதும் என்று இவளை நிறுத்தினார்கள். போர்வையை உருவும்போது இவள் கை தானாகவே முனையைத் தேடிப் போயிருக்கிறது. முனையில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், கட்டிலோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கதாநாயகியை விட்டுவிட்டுக் கேமராவை இவள் பக்கம் திருப்பிவிட்டார்கள். டைரக்டர் வந்து, "பிரமாதம்மா, இன்னொரு தடவை பண்ணலாமா?" என்று கேட்டானாம். ஏன் அழுதாய் என்று கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், என்னைக் கேட்டால் அந்தப் படத்துக்குப் பரிசு தகாது.

ஆனால் கொடுத்தார்கள், பெரிய பரிசு. அன்றிலிருந்து தையல்கடை வாசலில் தினமும் பஞ்சாயத்து.

"இதுக்கா விருது? எப்பப் பாரு சுவத்தையே காட்டுறான்" என்பார் தையல்காரர். "அந்த நேரத்துல நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்திருப்பேன்."

"அளவு நாடாவைத் தாண்டி உனக்கு என்னய்யா தெரியும்?" என்பார் வாத்தியார். "அந்தப் பொண்ணோட கை போர்வை முனையைத் தேடுது பாரு, அது ஒண்ணுக்கே குடுக்கலாம். என்ன நடிப்பு!"

"நடிப்பா? வெங்காயத்தைத் தேய்ச்சு விட்டிருப்பாங்க!"

ஒருவர் தலையில் வைத்து ஆடினார், ஒருவர் காலில் போட்டு மிதித்தார். அவள் நிஜமாக அழுதாள் என்று இரண்டு பேரில் ஒருவர் வாயிலும் வரவில்லை.

தெருச் சங்கத்தார் பள்ளிக்கூட ஹாலில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். போகமாட்டேன் என்றவளை என் மகன்தான் இழுத்துக்கொண்டு போனான். கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டுத் தலைவர் மைக்கில், "அந்த அழுகையை எங்களுக்காக ஒரு தடவை செஞ்சு காட்டும்மா" என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். அவள் கேடயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வரலைங்க" என்றாள். ஹாலே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் வெடித்தான். "ஊரே பாக்குற மாதிரி அழுதியே, எம் பொண்ணு கிடந்தப்ப எங்க போச்சு அந்தக் கண்ணீர்? யாருக்காக அழுத? சொல்லு."

அவள் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவனை உட்காரவைத்து, குழாயில் வந்த போர்வையையும் முடிச்சையும், அந்தக் கை எதைத் தேடியது என்பதையும் நானே சொன்னேன். சொன்னது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவன் முகம் கலங்கியது. நம்பிவிட்டான், இனி எழுந்து அவளிடம் போவான் என்று நினைத்தேன்.

"அப்ப குழந்தையோட முடிச்சையும் அந்தப் படக்காரனுக்கு வித்துட்டு வந்திருக்கா" என்றான்.

"வாயை மூடுடா!" என்று கத்தினேன். அதற்குள் அவள் காதில் விழுந்துவிட்டது.

அவள் வெளியே வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. "அத்தை, பால் அடுப்புல இருக்கு, பாத்துக்குங்க" என்றாள்.

"எங்கம்மா போற?" என்றேன். என் மகன் தலை நிமிரவில்லை. பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தால், வாசலில் அவள் செருப்பு இல்லை.

நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். தையல்கடை முன்னால் வழக்கம்போலப் படத்தைப் பற்றித்தான் சண்டை. அவள் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, ஒதுங்கி வழி விட்டார்கள். யாரையும் பார்க்காமல் நடந்து போனாள். முனை திரும்பும்வரை எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"பாத்தியாய்யா?" என்றார் வாத்தியார். "அந்த நடை கூட அப்படியே படத்துல வர்ற மாதிரியே இருக்கு."