எட்டு ஓட்டைத் தட்டும் கண்ணாடி ஸ்கேலும்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மேளம் ஒரு மாதத்துக்கு மேல் நொண்டியது. அதற்குக் காரணம் நான்தான். ஆனால் அந்த ஒரு மாதமும், என் மில்லிங் மெஷினில் டிஜிட்டல் ஸ்கேல் இல்லாததுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். இரும்பு வேலை என் தொழிலல்ல, பைத்தியம். இரத்தினபுரியில் மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறேன். தகட்டை மேசைமேல் இறுக்கிவிட்டு இரண்டு கைப்பிடிகளைச் சுற்றினால் மேசை நகரும். மேலே சுழலும் கத்தி வெட்டும், துளைக்கும். மேசை எவ்வளவு நகர்ந்தது என்று அறிய, கைப்பிடியை எத்தனை சுற்றுச் சுற்றினோம் என்று மனதுக்குள் எண்ண வேண்டும். நாள் முழுவதும் கொழுந்து நிறையை எழுதிக் கூட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்று நினைத்திருந்தேன்.

கோயிலில் இருந்தது மின்சார மேளம். மோட்டார் ஒரு தட்டைச் சுற்றும். தட்டில் வட்டமாக எட்டு ஓட்டைகள், அவற்றில் செருகிய எட்டு முளைகள். ஒவ்வொரு முளையும் குச்சியைத் தூக்கிவிட, அது மேளத்தில் விழும். அந்தத் தட்டு உடைந்துபோனது. கொழும்பிலிருந்து புதிது எடுப்போம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். கமிட்டித் தலைவர் என் மனைவியின் அண்ணன்.

"கொழும்பு எதுக்குங்க? எங்க மாப்பிள்ளகிட்ட மெஷினே இருக்கு. அவரு செஞ்சி குடுப்பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

நான்கு ஓட்டைகள் சரியாக விழுந்தன. ஐந்தாவதற்குக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சான்தான்.

"மாப்பிள்ள, முடிஞ்சிதா?"

"இன்னும் கொஞ்சந்தான் மச்சான்" என்று வைத்தேன். சுற்றியது பதினாலா, பதினேழா? பதினாலு என்று முடிவுசெய்துகொண்டு மேலே போனேன். உண்மையில் அது பதினேழு. ஐந்தாவது ஓட்டை மட்டும் மூன்று சுற்றுத் தள்ளி விழுந்தது; மற்றவற்றை நடுவிலிருந்து புதிதாக எண்ணிப் போட்டதால் அவை தப்பின.

அன்று மாலைப் பூசையில் மேளம், டம், டம், டம், டம் என்று ஒழுங்காகப் போய், பிறகு ஒரு கணம் தயங்கி, டடம் என்று தடுக்கி விழுந்தது. எட்டு அடிக்கு ஒருமுறை அதே தடுக்கல். பூசாரியின் கையில் தீபம் குலுங்கியது. மறுநாள் கொழுந்து லொறி டிரைவர் அதே தாளத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். பேக்டரியில் ஒரு சிங்களச் சினேகிதர், "பெரே கொரத, ஐயே?" என்று, மேளம் நொண்டியா எனச் சிங்களத்தில் அதன் கால்நலம் விசாரித்தார்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கொழும்பிலிருந்து எடுப்போம் என்று சொன்ன கொழும்புக் கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைக் குடைந்தெடுத்திருந்தார்கள். "திருவிழாவுக்குள்ள சரி வரல்லன்னா நான் தலைவரா இருக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "பாத்துக்கங்க மாப்பிள்ள" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போன ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தட்டு எண்ணிப் போட்டா என்னங்க?" என்று மனைவி கேட்டாள். நான் போனை ஆஃப் பண்ணாமல் அதிலேயே ஸ்கேல் தேட ஆரம்பித்தேன்.

டிஜிட்டல் ஸ்கேலை மேசையோடு பொருத்திவிட்டால், மேசை நகரும் தூரம் ஒரு திரையில் எண்ணாக ஓடும். மூன்று வகை கிடைத்தது. மலிவானது பேட்டரிப் பட்டை. மோட்டாரைப் போட்டதும் அதன் எண்கள் பேய் பிடித்து ஆடும் என்று வீடியோவில் ஒருவர் எச்சரித்தார். அடுத்தது காந்த ஸ்கேல். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், ஈரத்துக்கும் அசையாது. மூன்றாவது கண்ணாடி ஸ்கேல். வெட்ட முடியாது, ஈரம் புகுந்தால் போச்சு. எங்கள் ஊரிலோ போத்தலில் இருக்கும் உப்பே தண்ணீராகிவிடும். புத்தியுள்ளவன் காந்தத்தைத்தான் வாங்குவான்.

நான் கண்ணாடியை வாங்கினேன். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்துச் சொல்லும் என்று போட்டிருந்தது. காந்தமும் அப்படிப் பிரிக்கும்தான். ஆனால் "கண்ணாடி ஸ்கேல்" என்று நாலு பேரிடம் சொல்லும்போது வருகிற கௌரவம் அதில் இல்லை. போதாக்குறைக்கு, அந்தத் திரையில் வட்டத்துக்கு ஓட்டை போடவென்றே தனிப் பொத்தான் இருந்தது. எட்டு ஓட்டை என்று கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் போதும். எண்ணும் வேலையே இல்லை. மேசையின் நீளத்தை மனைவியின் தையல் டேப்பாலும், சின்னதான குறுக்கை ஆபீஸ் அடிக்கோலாலும் அளந்து, இரண்டு ஸ்கேலுக்கு ஓடர் கொடுத்தேன்.

வந்த நீளப் பெட்டியை இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர் கர்ட்டன் கம்பியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் பொருத்திப் பார்த்தால் நீளவாட்டு ஸ்கேல் இரண்டு அங்குலம் கூட.

"இந்த டேப்புலயா அளந்தீங்க?" மனைவி தலையில் கைவைத்தாள். "மொத ரெண்டு அங்குலம் நைஞ்சி போய் வெட்டிட்டேனே. நான் கழிச்சித்தான் பாப்பேன்."

மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு பார்க்கிற சாமானுக்கு அளவெடுத்த அழகு இது. வெட்டலாமென்றால் அது கண்ணாடி. நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு அங்குலம் சுவரில் இடிக்காமலிருக்க, மெஷினையே சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். எல்லாம் பொருந்தியபோது திருவிழாவுக்கு இரண்டே நாள். எட்டு ஓட்டையும் பிசகில்லாமல் விழுந்தன. பழைய தட்டை ஆத்திரம் தீரச் சுத்தியலால் அடித்து நெளித்தேன்.

திருவிழாக் காலையில் மேளம் சீராக அடித்தது. மச்சான் நெஞ்சை நிமிர்த்திக் கொழும்புக் கட்சிக்காரர்களைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூசாரி தீபத்தைச் சுற்றினார். மூன்று சுற்றில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு. கும்பிட்ட கைகள் வலித்தன. கற்பூரத் தட்டு சுட்டுத்தான் அவர் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். கொழும்புக் கட்சிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பூசை முடிந்ததும் பூசாரி எங்கள் இருவரிடமும் வந்தார்.

"தம்பி, இந்த ஒரு மாசமா அந்த டடம் வந்தா ஒரு சுத்துன்னு கை பழகிப் போச்சு. இப்ப எத்தன சுத்தினேன்னே தெரியல்ல. அந்தப் பழைய தட்டு இருக்கா?"

"நெளிச்சிட்டேனே சாமி" என்றேன்.

மச்சான் என் தோளைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். பிறகு மெதுவாக, "மாப்பிள்ள, சாயந்தரப் பூசைக்குள்ள அந்த அஞ்சாவது ஓட்டய மட்டும் பழையபடி தள்ளிப் போட்டுத் தர முடியுங்களா? எவ்வளவு தள்ளியிருந்திச்சின்னு தெரியுமா?" என்று கேட்டார்.

மூன்று சுற்று. சுற்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர். அதை நான் எப்படி மறப்பேன்? கொட்டகைக்கு ஓடி, திரையில் ஏழரை என்று வரும்வரை கைப்பிடியைச் சுற்றி, இருநூறில் ஒரு பங்குகூட விலகாமல் அதே பிழையை மறுபடியும் செய்தேன்.