எங்கள் பக்கத்தில் வந்த வஞ்சிரம்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு காலையில் எங்கள் மாணவர் இசைக்குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாட்டுக்குப் பதில் மீன் வந்தது. நீல பிளாஸ்டிக் தட்டில் வஞ்சிரம், பக்கத்தில் சங்கரா. கீழே: "இன்னிக்கு ஃப்ரெஷ். கிளீன் பண்ணித் தரப்படும். வீட்டுக்கே வரும்."

2. போட்டவள் எங்கள் பாடகி. புதுச்சேரிக் கடலோரத்து வைத்திக்குப்பத்துப் பெண். அவள் அம்மா மீன் விற்பவர். அம்மாவின் வியாபாரக் கணக்கில் தினமும் படம் போடுவது அவள் வேலை. குழுவின் கணக்கும் அதே போனில் திறந்திருக்கும். அன்று கணக்கை மாற்ற மறந்துவிட்டாள்.

3. நான் பார்ப்பதற்குள் கல்லூரியில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள்.

4. கலைவிழாக் குழு, படத்தை நீக்கிவிட்டு மன்னிப்புப் பதிவு போடச் சொன்னது.

5. பாடகி போனை அணைத்துவிட்டாள்.

6. கலைவிழாக் குழு சொன்னதை நான் செய்யவில்லை.

ஆறாவதைப் பற்றித்தான் இன்றுவரை கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இசை தெரியாது. படித்தது கணினிப் பொறியியல். டிரம்ஸ் வாசிப்பவன் என் வகுப்பு. "பாட்ட நாங்க பாத்துக்கறோம். நாலு பேரு கேக்கற மாதிரி மட்டும் நீ பண்ணு" என்று அழைத்து வந்தான். எந்தக் கிழமை எந்த வீடியோத் துண்டு, முதல் நொடியில் என்ன தெரிய வேண்டும், என்ன ஹேஷ்டேக் என்று அட்டவணை போட்டு வேலை செய்தேன். முதல் சில மாதங்களில் ஒன்று புரிந்தது. டிரம்ஸ்காரனின் ஊரில் மோட்டார் கொட்டகை எதிரே எடுத்த பாட்டை யாரும் சீண்டவில்லை. அதே பாட்டை பிரெஞ்சுக்காரர் காலத்து வெள்ளை நகரில் மஞ்சள் சுவர், காகிதப்பூ பின்னணியில் எடுத்தபோது பறந்தது. அதன்பிறகு எங்களில் ஒருவரும் உள்ளே போயிராத வீடுகளின் முன்னால் போய் நின்று பாடினோம். ஒரு வீட்டுக் காவலாளி எங்களைப் பார்த்தாலே, "பாடினது போதும், நவுருங்க, ஐயா வண்டி எடுக்கணும்" என்பார். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அதுதான் என் வேலை, அதை நன்றாகச் செய்தேன்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் எங்கள் கிதார்காரனின் மாமா பேக்கரி வைத்திருந்தார். கிதார்காரன் உழவர்கரைப் பையன். மாமா கடைக்குள் படம் எடுக்க விட்டார். கைம்மாறாக அவர் கடையின் குரோசான் ரொட்டிகளை எங்கள் பக்கத்தில் போட்டோம், இரண்டு முறை. கல்லூரியே வந்து இதயம் போட்டது. கலைவிழாச் செயலாளரும் போட்டிருந்தான். இசைக்குழுவுக்கும் ரொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மீனுக்கு வந்தவை இவை:

"சவுண்ட் செக் முடிஞ்சுது, ஸ்மெல் செக் எப்போ?"

"மச்சான், ஸ்பீக்கர ஆஃப் பண்ணு, நாத்தம் வருது."

"பாடகி கிலோ எவ்ளோ?"

நடுவில் ஒரு அக்கா, எப்படியோ வழி தவறி வந்து, "சங்கரா லாஸ்பேட்டைக்கு வருமா பா?" என்று கேட்டிருந்தார். போனை அணைப்பதற்கு முன் பாடகி அதற்கு மட்டும் பதில் எழுதியிருந்தாள்: "வரும்க்கா." டிரம்ஸ்காரன் படித்துவிட்டு, "வந்த கமெண்ட்லயே இது ஒண்ணுதான் உருப்படி" என்றான்.

விழாப் பொறுப்பாளரான பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். செயலாளர் பக்கத்தில் நின்றிருந்தான். விழாவின் கடைசி மாலை மேடை எங்களுக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பருவம் முழுக்க உழைத்தோம். பாடகி முதன்முறையாக ஒரு பெரிய அரங்கில் பாட இருந்தாள்.

"ஏம்மா, அதுல காலேஜ் பேரு இருக்கு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"மீன் நல்லா இருக்குன்னு நெனப்பாங்க சார்."

செயலாளர் சிரித்துவிட்டு, அதை இருமலாக்கினான்.

"சின்ன விஷயம்மா. மன்னிப்புன்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சுது."

"யாருகிட்ட சார்?"

"பொதுவா."

"பொதுவா யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். ஒருத்திக்குத்தான் ஆயிருக்கு. படத்த எடுக்கறதா வேணாமான்னு அவளக் கேட்டு செய்யறேன். மன்னிப்பு போட மாட்டேன்."

"அப்ப ஸ்லாட் இல்ல" என்றான் செயலாளர்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மாடிப்படி இறங்கும்போதுதான் பயம் வந்தது. மேடை போனதற்காக அல்ல. இந்தக் கேலியோடு அவள் பாடுவதையே விட்டுவிட்டால் மேடை கிடைத்தும் பயன் இல்லை. அந்தப் பயம்தான்.

வைத்திக்குப்பத்தில் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. அவள் வீட்டு வாசலில் அவள் அம்மா ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீதான் அந்தப் பாட்டுப் பக்கம் பாக்கற பொண்ணா? என் கஸ்டமர் ஒருத்தருக்கும் இன்னிக்குப் படம் போவல. வஞ்சிரம் பாதி அப்டியே கெடக்குது. அதுக்கு யாரு பதில் சொல்றது? உள்ள போ. காலைலேருந்து வாயத் தொறக்க மாட்டேன்றா."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எடுத்துடுடி" என்றாள்.

"நீ சொன்னா இப்பவே எடுக்கறேன்." போனைத் திறந்தேன்.

"கிளாஸ்ல யாருக்கும் தெரியாது, அம்மா மீன் விக்கறாங்கன்னு. காலேஜ் பஸ் ஏறறதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் தேச்சுக் கை கழுவுவேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது." அதே பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து போவேன்.

"தெரியக் கூடாதுன்னுதான் கழுவினேன். நான் இனிமே வரல. வேற யாரையாவது பாட வச்சுக்குங்க."

நீக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் கிதார்காரனின் அழைப்பு வந்தது. மூடி மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் எடுத்தேன்.

"ஏய், நல்ல நியூஸ். செக்ரட்டரிகிட்ட பேசிட்டேன். ஸ்லாட் திரும்பக் குடுக்கறாங்க. அவ வேணாம், அவ்ளோதான். ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு பொண்ணு செமையா பாடறா. பாக்கவும் நம்ம பேஜுக்கு செட் ஆவா."

"எந்தப் பாட்டப் பாடுவா?" என்றேன்.

"நம்ம பாட்டத்தான்."

அந்தப் பாட்டை எழுதி மெட்டுப் போட்டவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். போன் பக்கம் குனிந்தாள்.

"என் பாட்டயா?"

"நீ அங்கதான் இருக்கியா? இல்ல, நான் இன்னா சொல்ல வந்தேன்னா…"

"சொல்லிட்ட. கேட்டுச்சு." அவளே விரலால் அழைப்பைத் துண்டித்தாள்.

நான் போனை அவள் பக்கம் நீட்டி, "உன் மீன், உன் பாட்டு. நீ இன்னா சொல்றியோ அது" என்றேன்.

"எடுக்காத" என்றாள். போனை வாங்கி, படத்தின் கீழ் தானே எழுதினாள்: "இது எங்க அம்மா விக்கற மீன். பாடறது நான். ரெண்டுக்கும் ஆர்டர் எடுக்கப்படும்." எழுதியதை அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"கடம்பாவும் இருக்குதுன்னு போடு" என்றார் அம்மா வெளியிலிருந்து.

அதையும் போட்டாள்.

அன்றே அந்தப் படத்தைப் பக்கத்தின் உச்சியில் நிற்கும்படி வைத்தேன். கேலிகளையும் நான் அழிக்கவில்லை. எழுதியது அவரவர் பெயரோடு இருக்கட்டும் என்று விட்டேன். சிலர் தாங்களாகவே வந்து அழித்துக்கொண்டார்கள். "பாடகி கிலோ எவ்ளோ" என்று எழுதியவன் கணக்கையே பூட்டிக்கொண்டான்.

மஞ்சள் சுவரை நிறுத்தினோம். அடுத்த துண்டை அவள் தெருவில் எடுத்தோம், பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தத்தோடு. மஞ்சள் சுவருக்கு வந்த கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. அட்டவணையில் அதை உள்ளபடியே குறித்துக்கொண்டேன். எண்ணிக்கை என் முடிவை மாற்றவில்லை.

விழாவின் கடைசி மாலையில் அந்த முதலாண்டுப் பெண் கிதார்காரனோடு மேடையேறினாள். வேறு பாட்டுத்தான் பாடினாள், நன்றாகவே பாடினாளாம். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதே மாலையில் நாங்கள் வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு நின்றோம். வலை காயப் போட்டிருந்தவர்கள் அந்தாண்ட தள்ளிப் போகச் சொன்னார்கள். தள்ளிப் போனோம். அம்மாவின் கணக்கில் அறிவிப்பு போட்டிருந்ததால் வாடிக்கையாளர் சிலர் பையோடு வந்திருந்தார்கள். பாட்டுக்கு முன்பே மீன் தீர்ந்துவிட்டது. காற்று அவள் குரலில் பாதியைக் கொண்டுபோனது. மீதியில் அவள் கடைசிவரை பாடினாள். அதை நேரலையில் காட்டினேன்.

இப்போதைய நிலவரம்: கல்லூரி மேடை எங்களுக்குக் கிடைக்கவில்லை, இனி கிடைக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. பக்கத்திலிருந்து கல்லூரிப் பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். கிதார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இருந்தாலும் பக்கத்தை நான்தான் பார்க்கிறேன். மன்னிப்புப் பதிவு போடப்படவில்லை. எங்கள் குழுவில் பாடுவது அவள்தான்.