கரையாததைக் கரையவில்லை என்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை வாரத்தின் முதல் நாள். ஆய்வகத் தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் தங்கை அழைத்தார். இங்கே தோஹாவில் நர்ஸ்.

"தம்பி, அக்கா போயிட்டா. டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து பாக்கேன், எந்திரிக்கல."

மாரடைப்பு. வயது நாற்பத்தாறு.

மதியத்திற்குள் நிறுவனத்தின் இரங்கல் மின்னஞ்சல் வந்தது. நாங்கள் உருவாக்கும் மருந்தின் மூலக்கூறின் மீது இறுதிவரை நம்பிக்கை வைத்திருந்தவராம்.

பொய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரிய ஸ்டெல்லா தூத்துக்குடி கடற்கரைக்காரர். மருந்து வேதியியலாளர். புதிய மூலக்கூறுகளை அவர் உருவாக்குவார். நோய்க்குக் காரணமான நொதியை அவை தடுக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அடுத்தடுத்த மேசைகள்.

எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதையும் கரைத்துவிடும் கரைப்பான் ஒன்றில் பொடியைப் போட்டுக் கலக்குவோம். தெளிந்ததும் 'கரைந்தது' என்று எழுதிவிடுவோம். ஒருநாள் அவர் என் குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுல கரைஞ்சுது தம்பி?"

"சால்வென்ட்லதான்க்கா."

"ஆளுக வயித்துல சால்வென்ட்டா கெடக்கு? தண்ணியில ஊத்திப் பாரு."

ஊற்றினேன். பால்போலக் கலங்கியது. சற்று நேரத்தில் அடியில் தூளாகப் படிந்தது.

அதுதான் எங்கள் நாற்பத்தொன்றாம் மூலக்கூறு. சோதனைத் தட்டில் அற்புதம். கரைப்பானோடு ஊசியில் ஏற்றினாலும் வேலை செய்தது. எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தால் இரத்தத்தில் ஏறவே இல்லை. கரையாதது குடலைத் தாண்டாது. நாங்கள் செய்ய முயன்றதோ, நோயாளி தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை.

முதலீட்டாளர்களுக்குத் திரையில் காட்டும் பக்கங்களிலிருந்து அந்த எலி முடிவுகளை நீக்கச் சொன்னார் மேலாளர். "பிறகு பார்க்கலாம். கலாஸ், பேச்சு முடிந்தது."

அக்கா எழுந்தார். அந்தப் பக்கம் இல்லையென்றால் தன் பெயரும் அதில் இருக்கக்கூடாது என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் வாய் திறக்கவில்லை. என் விசாவில்தான் மனைவியும் மகளும் இருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "விசாவ கேன்சல் பண்ணிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"ஊருக்குப் போவேன். இந்த மருந்து எந்த ஊர்லயும் கரையாது."

கேன்சல் செய்யவில்லை. ரசாயனக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் மதிய இடைவேளைகளில் தன் மேசைக்குத் திரும்பி வந்தார். மூலக்கூறின் ஓரத்தில் தண்ணீருக்குப் பிடித்த ஒரு கிளையைச் சேர்த்தார். கரைந்தது. ஆனால் நொதியின் மீதான பிடி தளர்ந்தது. மாற்றினார். பிடித்தது, கரையவில்லை.

"இது கரையுது, பிடிக்க மாட்டேங்கு. அது பிடிக்குது, கரைய மாட்டேங்கு. மாப்பிள்ளை பாக்குற மாதிரில்லா இருக்கு! யல்லா, அடுத்தது."

அடுத்ததும் தோற்றது. அதற்கடுத்ததைப் பாதியில் விட்டுப் போய்விட்டார். அவர் வென்றார் என்று நான் எழுத மாட்டேன். அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

தள்ளிப்போய்க்கொண்டிருந்த முதலீட்டாளர் கூட்டம் இன்று, புதன்கிழமை காலை, நடந்தது. நேற்று மாலை எலி முடிவுகளை மீண்டும் சேர்த்தேன். முதல் பக்கமாக. கீழே அவர் பெயர், அதன் கீழே என் பெயர்.

திரையில் அது வந்ததும் மேலாளர் திரும்பினார்.

"யார் போட்டது?"

"நான்."

வந்தவர்களில் ஒருவர் இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். வாயால் கொடுத்தால் உடலுக்குள் சேராது என்றேன். பக்கத்தை மாற்றவில்லை.

மதியம் விமான நிலையச் சரக்குப் பிரிவில், ஊருக்குப் போகும் அக்காவின் சவப்பெட்டியைப் பார்த்தேன். தங்கை அதன் மேல் ஒரு கையை வைத்தபடி மறு கையால் காகிதங்களில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். காட்டிவிட்டேன் என்று பெட்டியிடம் சொன்னேன்.

நாளை காலை மேலாளர் என்னை அழைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நீக்க மாட்டேன். நீங்கள் போய் உறங்குங்கள், அக்கா.